ஈசிஆர் உப்புக்காத்துல ஒரு ரோடு பைக், சில வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

ரோடு பைக் வாங்கப் போறேன்னு வர்றவங்க எல்லாரும் கேக்கறது எந்த பிராண்டு, கியர் செட் ஷிமானோல கிளாரிஸா சோராவா, முன் சக்கரத்த புடிச்சிருக்கற ஃபோர்க் கார்பனா அலாயான்னுதான். காத்தடிக்க என்ன பம்ப் வாங்கணும்னு ஒருத்தர் கூட கேட்டதில்ல. ஆனா தினம் கைல எடுக்கப்போறது அதத்தான்.

என்கிட்ட இருக்கறது அலுமினிய ஃபிரேம், ஷிமானோ கிளாரிஸ், பல் சக்கரம் முன்னாடி 2 பின்னாடி 8, சக்கர விளிம்பையே கட்டை புடிக்கற ரிம் பிரேக். பிராண்டு பேரு வேணாம், இந்த ரேஞ்சுல எல்லாமே கிட்டத்தட்ட ஒன்னுதான். ரூட் பெரும்பாலும் திருவான்மியூர் டு முட்டுக்காடு, மூடு இருந்தா கோவளம், எப்பவாச்சும் மாமல்லபுரம். சென்னைல ஏத்தம்னு சொல்லிக்க இருக்கறது ஃப்ளைஓவரும் முட்டுக்காடு பாலமும்தான், அதுக்கு 8 கியரே ஜாஸ்தி. சோராக்கு போனா இன்னொரு கியர் கூட வரும், ஷிஃப்டிங் கொஞ்சம் ஸ்மூத்தா இருக்கும், அவ்ளோதான். 8 ஸ்பீடு செயின், கேசட் (பின்னாடி இருக்கற பல் சக்கர அடுக்கு) எல்லாம் விலையும் கம்மி, எந்த கடைலயும் கிடைக்கும். 200 கிலோமீட்டர் பிரெவே (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நீண்ட தூர ரைடு) கூட இதே வண்டிலதான் முடிச்சேன், அதுக்கு பதிமூன்றரை மணி நேரம் தர்றாங்க, டீ, இட்லி, ஓரமா உக்காந்து கால நீட்டறது எல்லாம் சேத்து சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர் வந்தா போதும். அத முடிக்க வேண்டியது இடுப்புதான், கியர் இல்ல.

இங்க நிஜமான ஏத்தம் காத்துதான். டிசம்பர் ஜனவரில வடகிழக்குலருந்து அடிக்கும், போறப்ப தள்ளிவிடும், என்னா ஸ்பீடு நமக்குன்னு நெனச்சிட்டே கோவளம் வரை போயிடுவீங்க, திரும்பறப்பதான் கணக்கு தீக்கும். புதுசா வர்றவங்க அந்த சீசன்ல பாதி தெம்ப திரும்பி வர்றதுக்கு வச்சிக்கிட்டா நல்லது. பெரிய கியர்ல மிதிச்சு முட்டிய கெடுத்துக்காம, சின்ன கியர்ல பெடல் நிமிஷத்துக்கு 80, 90 சுத்து வர்ற மாதிரி ஓட்டுங்க.

டயர் விஷயத்துக்கு வரேன். வண்டியோட வந்தது 25 மில்லிமீட்டர் அகலம், தேஞ்சதும் 28க்கு மாத்திட்டேன், மொத்த வண்டிலயும் நான் பண்ண உருப்படியான அப்கிரேடு இதான் (ஃபிரேம்லயும் பிரேக்லயும் இடம் இருக்கான்னு மொதல்ல பாத்துக்கோங்க). டயர் பக்கவாட்டுல போட்டிருக்கற மேக்ஸிமம் பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வரைக்கும் அடிச்சே ஆகணும்னு ஒன்னும் இல்ல, 70 கிலோ ஆளுக்கு 28ல ஒரு 70, 75 போதும், கை நடுங்காது. ஆனா இந்த டியூப்ல காத்து தானா இறங்கிட்டே இருக்கும், அப்படியே ஓட்டினா பள்ளத்துல ரிம் இடிச்சு டியூப்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு கிழிசல் விழும். அதான் ஃப்ளோர் பம்ப், மீட்டர் வச்சது, வண்டி வாங்கற அன்னைக்கே வாங்கிடுங்க. வால்வு பிரெஸ்டா டைப், ஒல்லியா இருக்கும், பங்க்சர் கடை பைப்பு அதுல மாட்டாது. பித்தளை அடாப்டர் ஒன்னு சீட்டுக்கு கீழ பைல கிடக்கட்டும். பங்க்சர் ஆனா புது டியூப் போடறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் விரல மெதுவா ஓட்டிப் பாருங்க, லாரி டயர்லருந்து உதிர்ற மயிரிழை மாதிரி கம்பி ஒன்னு குத்திக்கிட்டு நிக்கும், கண்ணுக்கு தெரியாது, அத எடுக்காம டியூப் மாத்தினா அடுத்த ரெண்டு கிலோமீட்டர்ல மறுபடி உக்காரணும்.

இப்ப செயின். கடலோரம் இருக்கறவங்களுக்கு இதான் முழு பஞ்சாயத்தும். மழைல ஓட்டிட்டு வந்து அப்படியே பால்கனில சாத்தி வச்சீங்கன்னா மறுநாளே ஆரஞ்சு கலர் தெரிய ஆரம்பிச்சுடும். மழைல்லாம் இல்லன்னாலும் ரோட்டோரத்து மணலும் உப்பும் சேந்து எண்ணெய்ல கலந்து கருப்பா ஒரு பேஸ்ட் ஆகும், ஒவ்வொரு மிதிக்கும் அது கியர் பல்ல அரைச்சிட்டே இருக்கும். என் வழக்கம் சிம்பிள், பழைய பனியன் துணில செயின புடிச்சு பெடல பின்னாடி சுத்தி, கருப்பு வர்றது கொறையற வரை துடைப்பேன், அப்புறம் செயின்ல இருக்கற ஒவ்வொரு ரோலர் மேலயும் ஒரு சொட்டு லூப் (செயின் எண்ணெய்), கொஞ்ச நேரம் விட்டு வெளில இருக்கறத மறுபடி முழுசா துடைச்சிடணும். இந்த கடைசி துடைப்புதான் முக்கியம், ஏன்னா எண்ணெய் வேலை செய்யறது ரோலருக்கு உள்ள, வெளில பளபளன்னு இருந்தா மணல்தான் ஒட்டும். வெயில் காலத்துல டிரை லூப், ஐப்பசி கார்த்திகைல வெட் லூப். நாங்க பழைய சைக்கிளுக்கு விட்ட மாதிரி இஞ்சின் ஆயில் விடலாமான்னா, விடலாம், அடுத்த ரைடுலயே ஈசிஆர் மணல் மொத்தமும் செயின்ல இருக்கும். வாட்டர் வாஷ் கடைல பிரஷர் கன் மட்டும் வேணவே வேணாம், பேரிங் உள்ள தண்ணி பூந்துடும், பக்கெட் தண்ணியும் ஷாம்பூவும் தாராளம்.

செயின் தேஞ்சிடுச்சான்னு பாக்க ஸ்டீல் ஸ்கேல் போதும். பின்னுக்கு பின் அளந்தா 12 முழு லிங்க் (உள் தகடு ஒன்னு, வெளித் தகடு ஒன்னு சேந்தாதான் ஒரு முழு லிங்க்) சரியா 12 இன்ச் வரணும், ஒரு இன்ச்சுல பதினாறுல ஒரு பங்கு தாண்டிடுச்சுன்னா மாத்திடுங்க. செயின் காசுல முடியற செலவு, விட்டா கேசட்டுக்கும் போயிடும். ரிம் பிரேக்காரங்க அப்பப்ப பிரேக் கட்டைல சிக்கியிருக்கற கல்லு, அலுமினியத் துணுக்க ஊசியால நோண்டி எடுங்க, சர்ர்ருன்னு சத்தம் வந்தா அதான் காரணம், ரிம்ம அறுத்துட்டு இருக்குன்னு அர்த்தம்.

சீட் உயரத்துக்கு, பெடல் அடில இருக்கறப்ப குதிகால வச்சா கால் நேரா இருக்கணும், முன்பாதம் வச்சதும் முட்டி லேசா மடியும். முட்டிக்கு முன்னாடி வலிச்சா சீட் தாழ்ந்திருக்கும், பின்னாடி வலிச்சா ஒசந்திருக்கும், பெரும்பாலும் அப்படித்தான். பேடு வச்ச ஷார்ட்ஸ் வெக்கப்படாம வாங்குங்க, உள்ள ஜட்டி போடக்கூடாது, ஆமா நெஜமாதான். டீக்கடைல பாப்பாங்க, பாக்கட்டும்.

கேபிள் புதுசுல கொஞ்சம் இளகும், கியர் தடுமாறும், அத வச்சு வண்டிய திட்டாதீங்க, பின்னாடி டிரெய்லியர்கிட்ட (செயின ஒரு பல்லுலருந்து இன்னொன்னுக்கு தள்ளற பாகம்) இருக்கற பேரல் அட்ஜஸ்டர், அதாவது கேபிள் இறுக்கற திருகு, அத கால் திருப்பு, அரை திருப்பு திருப்பினாலே சரியாகிடும்.

செகண்ட் ஹேண்ட் பாக்கறவங்க, அதுவும் கடலோர ஏரியால நின்ன வண்டின்னா, பெயிண்ட், ஸ்டிக்கர்லாம் அப்புறம் பாருங்க. மொதல்ல சீட்போஸ்ட் (சீட்ட தாங்கற குழாய்) போல்ட்ட லூஸ் பண்ணி போஸ்ட் அசையுதான்னு பாருங்க. கிரீஸ் இல்லாம உப்புல கெடந்தா ஃபிரேமோட புடிச்சிக்கும். விக்கறவர் "அது டைட்டா இருக்குங்க, அவ்ளோதான்"னு சொன்னா, வேற வண்டி பாருங்க.