‘அமராவதி ஆத்துல கிடைச்ச ரோமன் காசு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 27,500 ரூபாய் போனவன் எழுதுகிறேன்

நேற்று சாயங்காலம்தான் உறுதியாகத் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. 27,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய, ரோமானியப் பேரரசர் டிராஜன் காலத்துக் காசு போலி. வார்ப்பில் ஊற்றி, மேலே பச்சை வண்ணம் பூசிய உலோகத் துண்டு.

ஒன்பது வருடமாக ரோமானியச் செம்பு, வெண்கலக் காசுகள் சேர்க்கிறேன். பெரிய சேகரிப்பு இல்லை. ஓநாயிடம் இரட்டைக் குழந்தைகள் பால் குடிக்கும் காசு ஒன்று, கொடிக்கம்பத்துக்கு இருபுறமும் இரண்டு வீரர்கள் நிற்கும், பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக் காசுகள் நாலைந்து. எல்லாமே சின்னச் சின்னக் காசுகள். செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய ரோமானியக் காசு ஒன்றையாவது கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சுமார் 25 கிராம் எடை, மூன்று சென்டிமீட்டருக்கு மேல் அகலம். அகஸ்டஸ் காலத்திலிருந்து செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையில் அடித்தார்கள். நாலு சேர்ந்தால் ஒரு டெனாரியஸ் வெள்ளிக்காசு. அகலம் இருப்பதால் பின்பக்கத்தில் ஒரு முழுக் காட்சியே இருக்கும். டிராஜன் காசு ஒன்றில் பேரரசர் குதிரைமேல் பாய்ந்து டேசியா நாட்டு வீரனை ஈட்டியால் குத்துவார். கி.பி. 101 முதல் 106 வரைக்குள் இரண்டு போர் நடத்தி, இன்றைய ருமேனியாவின் ஒரு பெரிய பகுதியான டேசியாவைப் பிடித்த வெற்றி அது.

அந்தக் காசுதான் பழம்பொருள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் வந்தது. விற்றவர் அவராகவே போன் செய்தார். முக்கால் மணி நேரம் பேசினார். யவனர் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போனது, முசிறி, கரூர் என்று எல்லாம் சரியாகச் சொன்னார். வீடியோ அழைப்பில் காசைத் தராசில் வைத்துக் காட்டினார். 24.8 கிராம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இது கரூர் அமராவதி ஆத்துல மணல் சலிக்கிற பெரியவர்கிட்ட இருந்து வந்தது. வெளிய சொல்லிக்காதீங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். ஏனென்றால் அதில் பாதி உண்மை. அமராவதியிலும் வைகையிலும் ரோமானியக் காசு கிடைப்பது நிஜம். ஆனால் பெரும்பாலும் கிடைப்பவை 4, 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செம்புக் காசுகள். ஆர்க்கேடியஸ், ஹொனோரியஸ் என்ற பேரரசர்கள் காலத்தவை, ஒன்றிரண்டு கிராம், முகம் தேய்ந்து வெறும் நிழலாக இருக்கும். இலங்கையிலும் அதே வகைதான் குவியலாகக் கிடைத்திருக்கிறது. அவற்றைப் பார்த்து அங்கேயே அடித்த காசுகளும் உண்டு. அவற்றுக்கு 250 வருடத்துக்கு மேல் முந்தைய, 25 கிராம் காசு, மூக்கும் முடியும் பளிச்சென்று ஆற்று மணலிலிருந்து எப்படி வரும்? இது எனக்குத் தெரியும். தெரிந்தும் 27,500 அனுப்பினேன்.

பார்சல் வந்த அன்றே மனசுக்குச் சரியாகப் படவில்லை. எழுத்துகள் சோப்பில் வெட்டியது போல மழுங்கியிருந்தன. ரோமானியர்கள் சூடான உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். அப்படி அடித்த காசின் விளிம்பில் வெடிப்பு இருக்கலாம், வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் ஒட்டுக்கோடு சுற்றிவர இருக்காது. இதில் இருந்தது, அரத்தால் தேய்த்த தடத்தோடு. நகைக்கடையில் எடை போட்டேன், 19.3 கிராம். மகளின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன், பச்சை அப்படியே பஞ்சில் வந்துவிட்டது. நூற்றாண்டுகளாக ஏறிய பச்சைக் களிம்பு அப்படி வராது.

போன் செய்தேன். "உங்க தராசு தப்பு சார்." அண்ணன் போய் சார் வந்துவிட்டது. மறுநாள், "தொல்லியல் துறையில போலின்னு எழுதி வாங்கிட்டு வாங்க, பணம் தர்றேன்." அதற்கு மறுநாளிலிருந்து அழைப்பை எடுக்கவே இல்லை. தளத்துக்கு எழுதினால், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, விற்பவரோடு பேசித் தீர்த்துக்கொள்ளவும்" என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். நாலாவது முறை, திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டதாம். அந்த ஏழு நாளையும் தின்றதே அவர்கள்தான்.

அப்போதுதான் அந்த ஆற்றுக் கதை எதற்கென்று புரிந்தது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய காசு விற்கும் தொழிலுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆற்றில் எடுத்தது என்று நம்பி வாங்கியவன் எந்த அலுவலகத்துக்குப் போய்ப் புகார் சொல்வான்? வாங்க வைக்கவும் அதே கதை, வாயை அடைக்கவும் அதே கதை. எத்தனை பேர் இப்படி வெளியே சொல்லாமல் இருக்கிறார்களோ!

நேற்று அதே தளத்தில் வேறொரு பெயரில் இன்னொரு டிராஜன் காசு. பேரரசரின் காதுக்குக் கீழே கடுகளவு குழி. என் காசிலும் அதே இடத்தில் அதே குழி. ஒரே வார்ப்பு.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவு மட்டும்: விளிம்பின் படம் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். விற்பனை உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீதில் ‘அசல்’ என்று எழுதி வாங்குங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஏழு நாளைப் பேச்சில் கரைக்க விடாதீர்கள். ஆற்றில் கிடைத்தது என்றால் போனை வைத்துவிடுங்கள்.

காலையில் சைபர் குற்றப் புகார் எண் 1930க்கு அழைத்து, ஆற்றுக் கதை உட்பட எல்லாவற்றையும் சொல்லிப் புகார் கொடுத்துவிட்டேன். அந்த இன்னொரு காசு இதை எழுதும்போதும் விற்பனையில்தான் இருக்கிறது. விலை அதே 27,500.