பைப்பரயான் மெம்பிரேன்: வாங்கலாமா?

ஆல்கலைன் ஃபியூயல் செல்லுக்கு (ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கார வகை செல்) சொந்தமாக மெம்பிரேன், அதாவது நடுவில் ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் மெல்லிய தாள், செய்து பார்க்கிறவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க எதை வாங்குவது என்று கேட்டால், நான் இப்போது சொல்வது பைப்பரயான்தான். டெலவேர் பல்கலைக்கழகத்தில் யூஷான் யான் குழு உருவாக்கிய பாலிமர் இது, வெர்சோஜென் கம்பெனி விற்கிறது. பல தடிமனில் கிடைக்கிறது, நாங்கள் வாங்கியது 20 மைக்ரான்.

இதற்கு முன் வேறொன்று வாங்கியிருந்தோம், பெயர் வேண்டாம். 80 டிகிரியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறப் போட்டு இரண்டாவது வாரம் இடுக்கியால் தூக்கினால் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. பாலிமர் சங்கிலியில் ஈதர் பிணைப்பு (இரண்டு கார்பனுக்கு நடுவில் ஓர் ஆக்சிஜன்) இருந்தால் ஹைட்ராக்சைடு அங்கேதான் முதலில் கை வைக்கும். பைப்பரயானின் சங்கிலியில் ஈதரே கிடையாது, ஹைட்ராக்சைடைப் பிடித்து வைக்கும் நேர்மின் பகுதியும் பிப்பெரிடினியம் வளையம். மாரினோவும் க்ரோயரும் 2015இல் வெளியிட்ட அளவீடு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்: 6 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 160 டிகிரி, அதில் வழக்கமான நேர்மின் பகுதியான பென்சைல் டிரைமெத்தில் அம்மோனியம் பாதி அழிய 4 மணி நேரம்தான் ஆகிறது, டைமெத்தில் பிப்பெரிடினியத்துக்கு 87 மணி நேரம். எங்கள் பாட்டிலில் அதே 80 டிகிரி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு மாதம் கிடந்த பைப்பரயான் துண்டை மடித்துப் பார்த்தேன், விரிசல் விடவில்லை. அன்றைக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் ஒன்று, இது ஹைட்ராக்சைடு வடிவில் (ஹைட்ராக்சைடு அயனி ஏறிய நிலையில்) வராது, நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் முறை மாற்றி, கழுவி, மேசையிலேயே திறந்த தட்டில் வைத்து மின்கடத்தல் அளந்தேன். கண் முன்னாலேயே எண் இறங்கிக்கொண்டே போனது. மெம்பிரேன்தான் மோசம் என்று இரண்டு நாள் அதையே சந்தேகப்பட்டேன், அப்புறம்தான் புரிந்தது, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு ஹைட்ராக்சைடைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது, தண்ணீரில் பைகார்பனேட் நகரும் வேகம் ஹைட்ராக்சைடில் கால்வாசிகூட இல்லை. நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் அளந்தபோது எண் அசையாமல் நின்றது. வாங்கும் முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்து வையுங்கள், இல்லாவிட்டால் எந்த மெம்பிரேன் வாங்கினாலும் காசு வீண்.

நஃபியான் (அமில வகை செல்லின் மெம்பிரேன்) பழக்கத்தில், எலக்ட்ரோடோடு சேர்த்து 130 டிகிரியில் ஹாட் பிரஸ் செய்துவிடாதீர்கள். ஹைட்ராக்சைடு வடிவில் காய்ந்து சூடானால் இந்த வகை மெம்பிரேன் தாங்காது. செல்லுக்குள் வைத்து அழுத்தினால் போதும்.

மெல்லியதாக இருப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. இந்த செல்லில் தண்ணீர் உருவாவது ஹைட்ரஜன் பக்கம், செலவாவது ஆக்சிஜன் பக்கம். ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் வறட்சி. 20 மைக்ரானில் தண்ணீர் சுலபமாக ஊடுருவி எதிர்ப் பக்கம் போய்விடுகிறது. 2019இல் யான் குழு நேச்சர் எனர்ஜியில் காட்டிய 920 மில்லிவாட் மின்திறன் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, 95 டிகிரியில்) பலருக்கும் நினைவிருக்கும், ஆனால் அது கார்பன் டை ஆக்சைடு நீக்கிய காற்றில் எடுத்தது. சாதாரணக் காற்றை விட்டுவிட்டு அந்த எண்ணை எதிர்பார்க்காதீர்கள்.

குறை என்றால் எங்களுக்கு வாங்கிக் கொடுத்த ஏஜென்ட்தான். சொன்ன தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டார், கடைசியில் தாள் மடிந்த கவரில் வந்தது. 10க்கு 10 சென்டிமீட்டர் தாளில் நான்கு துண்டு எடுக்கலாம், மடிப்பு விழுந்ததால் இரண்டுதான் தேறியது. ஆர்டர் கொடுக்கும்போதே தட்டையாக, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் தாளை 40 மைக்ரானில் வாங்குங்கள், ஈரத்தில் சுருண்டு ஒட்டிக்கொள்ளும்போது பிரித்தெடுக்க அதுதான் கைக்கு வசதி.