கால்குலஸ், கெமிஸ்ட்ரி வகுப்பைத் தேர்வெழுதித் தாண்ட: ஏபியா, கிளெப்பா, துறைத் தேர்வா?

அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டுக் கணிதத்தையும் அறிவியலையும் வகுப்பில் உட்காராமலே முடிக்க மூன்று வழிகள் உண்டு: பள்ளியில் இருக்கும்போதே எழுதும் ஏபி (AP), எந்த வயதிலும் எழுதக்கூடிய கிளெப் (CLEP), கல்லூரித் துறையே நடத்தும் தேர்வு. பலரும் இந்தப் பட்டியலில் ஏலெக்ஸையும் (ALEKS) சேர்த்துவிடுகிறார்கள். அது எந்த வகுப்பில் சேரலாம் என்று மட்டம் பார்க்கும் தேர்வு. அதிகபட்சம் 30 கேள்வி. அதில் 100-க்கு 90 எடுத்தால் நேரே கால்குலஸில் உட்காரலாம், ஆனால் பொதுவாகக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) எதுவும் ஏறாது.

எது சுலபம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். தாண்டும் பாடத்துக்கு அடுத்து என்ன பாடம் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பொறியியல் மாணவருக்கு அடுத்தது பன்மாறி கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள். வரலாறு படிப்பவருக்குக் கணிதத்தில் அடுத்தது என்று ஒன்றுமே இல்லை.

பொறியியல், இயற்பியல் பக்கம் போகிறவர்களுக்கு ஏபியே சரி, அதிலும் கால்குலஸ் பிசி (BC). இன்னொரு கால்குலஸ் தேர்வான AB முதல் செமஸ்டரோடு நிற்கும். பிசியில் முடிவிலித் தொடர், துருவ ஆயங்கள் வரை வரும். பிசி எழுதினால் AB பகுதிக்கும் தனியாக ஒரு மதிப்பெண் கிடைக்கும். மொத்தத்தில் 5-க்கு 3 வந்து AB பகுதியில் 4 வந்தால், சில கல்லூரிகள் முதல் செமஸ்டரை மட்டுமாவது விட்டுக்கொடுக்கும். இதைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை.

தேர்வு 3 மணி 15 நிமிடம்: 45 கொள்குறி வினா, 6 விரிவான வினா, இரண்டுக்கும் சரிபாதி மதிப்பெண். விரிவான வினாவில் விழும் அடி பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மாறிகளைப் பிரித்துத் தொகையிட வேண்டிய சமன்பாட்டில், பிரிக்காமலே தொகையிடத் தொடங்கினால் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம். பின்னால் வரும் எந்த வரிக்கும் மதிப்பெண் கிடையாது. பிரித்துவிட்டுத் தொகையிடல் மாறிலியை மறந்தாலும் மதிப்பெண்ணில் பெரும் பங்கு போய்விடும். கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் கிடப்பது இன்னொரு வாடிக்கை.

இயற்பியலில் ஏபி ஃபிசிக்ஸ் 1, 2 இரண்டும் கால்குலஸ் இல்லாதவை. பொறியியல் துறைகள் பொதுவாகக் கேட்பது ஃபிசிக்ஸ் சி. அதில் இயக்கவியலும் மின்காந்தவியலும் தனித்தனித் தேர்வு, தனித்தனிக் கட்டணம்.

கிளெப்பின் பலம் வேகம். ஆண்டு முழுக்க எழுதலாம், பெரும்பாலான பாடங்களில் மதிப்பெண் அங்கேயே திரையில் தெரியும், 20 முதல் 80 வரையிலான அளவில் 50 எடுத்தால் பல கல்லூரிகளில் போதும். ஏபியோ மே மாதம் ஒரு முறைதான், முடிவு ஜூலையில். கிளெப்பில் தவறினால் 3 மாதம் கழித்து மறுபடி எழுதலாம். கட்டணம் ஏறக்குறைய 100 டாலர், தேர்வு மையக் கட்டணம் தனி. மாடர்ன் ஸ்டேட்ஸ் அமைப்பின் இலவசப் பாடத்தை முடித்தால் கட்டணச் சீட்டே தருகிறார்கள், அதனால் செலவு ஒரு காரணமே இல்லை.

கிளெப் கால்குலஸில் 90 நிமிடத்துக்கு 44 கேள்வி. முதல் 27-க்குக் கால்குலேட்டர் கிடையாது. பாடம் ஒரு செமஸ்டர் அளவுதான், தொடர்கள் இல்லை. கெமிஸ்ட்ரியில் 75 கேள்வி, கேள்விக்கு 72 விநாடி. இயற்பியலுக்குக் கிளெப்பே இல்லை. கலை, வணிகம் படிப்பவர் கணிதக் கட்டாயத்தைக் கழிக்க காலேஜ் அல்ஜீப்ரா கிளெப்பை விடச் சிக்கனமான வழி இல்லை என்பதே எங்கள் கணிப்பு.

மருத்துவத்துக்குப் போகிறவர்கள் மட்டும் வேதியியலையும் உயிரியலையும் தாண்ட வேண்டாம். மருத்துவக் கல்லூரிகள் பல ஆய்வகத்தோடு கூடிய பாடங்களையே எதிர்பார்க்கின்றன. கிளெப்பில் ஆய்வகமே கிடையாது. ஏபி கிரெடிட்டை ஏற்கும் இடங்களும் பல நேரம் அதற்கு ஈடாக மேல்நிலைப் பாடம் ஒன்று கேட்கும். இன்னொன்று: தேர்வில் வாங்கிய கிரெடிட்டுக்குக் கிரேடு இல்லை, ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) ஏறாது. தெரிந்த பாடத்தில் எளிதாக ஒரு ஏ வாங்கும் வாய்ப்பும் அதோடு போகிறது.

துறைத் தேர்வு, ஏபி ஏற்காத இடங்களுக்கும் ப்ளஸ் டூ முடித்து நேராக வருகிறவர்களுக்கும். கால்டெக் பல்கலைக்கழகம் ஏபிக்குக் கிரெடிட் தருவதில்லை. சொந்தத் தேர்வு வைத்தே இடம் தீர்மானிக்கிறது. எம்ஐடி கால்குலஸ் பிசியில் 5-ஐ ஏற்கும், ஏபி வேதியியலை ஏற்காது. ப்ளஸ் டூ மதிப்பெண்ணைப் பல பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக்குப் பார்க்குமே தவிர கிரெடிட்டாக மாற்றாது. கால்குலஸ் நன்றாகத் தெரிந்த சென்னை மாணவர் துறைத் தேர்வைக் கேட்காவிட்டால் அதே பாடத்தை அமெரிக்கக் கட்டணத்தில் மறுபடி படிக்க வேண்டியதுதான். தயாரிப்புக்குத் துறையின் பழைய இறுதித் தேர்வுத் தாள்களே போதும். பல துறைகள் ஒரே வாய்ப்புதான் தரும், வகுப்பு தொடங்கியபின் எழுதவும் விடாது. ஆகவே சேர்க்கை உறுதியான கையோடு துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதித் தேதி, கட்டணம், தேர்ச்சி மதிப்பெண், கிரெடிட் தருவார்களா வெறும் விலக்கா என்ற நான்கையும் கேட்டுவிடுங்கள். ஏபி எழுதியவர்கள் அந்த ஆண்டு ஜூன் 20-க்குள் ஒரு கல்லூரிக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம். தேதி தாண்டினால் பணம் கட்டித்தான் அனுப்ப வேண்டும்.