லைவ் எர்த் முதல் பிரிஸ்டல் வரை: காலநிலைக்கான இசை நிகழ்ச்சிகள் பற்றி ஒரு மதிப்புரை

2007 ஜூலை 7 அன்று ஏழு கண்டங்களின் பெயராலும் ஒளிபரப்பப்பட்ட 'லைவ் எர்த்' இசை நிகழ்ச்சிகளின் பதிவுகளை இன்று பார்த்தால், குறை என்று முதலில் தென்படுவது இசையன்று. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் மட்டுமே ஜெனிசிஸ், மெட்டாலிக்கா, ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ், ஃபூ ஃபைட்டர்ஸ், மடோனா ஆகியோர் மேடையேறினார்கள். அவர்களில் பாதிப் பேரைக் கொண்டே ஒரு பெருவிழாவை நடத்தியிருக்கலாம். குறை, பாடல்களுக்கு இடையே நிகழ்ந்த பேச்சில் இருக்கிறது. வந்திருந்தவர்கள் வீடு திரும்பியபின் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மேடை ஒரே குரலில் சொல்லவில்லை. காலநிலை மாற்றத்தின் பெயரால் நிதியோ விழிப்புணர்வோ திரட்டும் நிகழ்ச்சிகளை நான் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன்: பாட்டுக் கேட்க வந்தவரிடம் நிகழ்ச்சி எதைக் கேட்டது, கேட்டதைத் தான் எவ்வளவு கடைப்பிடித்தது.

பெரும் நட்சத்திரங்களைத் திரட்டி நிதிக்காகப் பாடும் முறைக்கு இலக்கணம் வகுத்தது, 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கரும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய இரண்டு காட்சிகள் எனலாம். சுமார் 40,000 பேர் வந்தார்கள். நுழைவுச்சீட்டு விற்பனையில் கிடைத்த ஏறத்தாழ 2,43,000 டாலர் யுனிசெஃப் அமைப்புக்குச் சென்றது. அதன்பின் வெளிவந்த இசைத்தொகுப்பும் திரைப்படமும் ஈட்டிய தொகையில் பெரும்பகுதி, வரிவிலக்கை முன்கூட்டியே கோரியிருக்கவில்லை என்பதால், பல ஆண்டுகள் அமெரிக்க வரித்துறையின் பிடியில் சிக்கிக் கிடந்தது. கணக்கு இப்படிச் சிக்கலானபோதும், பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. காலநிலைக்கான நிகழ்ச்சிகளுக்கு அந்தத் தெளிவு எளிதில் வாய்ப்பதில்லை. வெள்ளம் சூழ்ந்த ஊருக்கு அரிசியும் மருந்தும் அனுப்பலாம். காற்றில் சேர்ந்துவிட்ட கரியமில வாயுவுக்கு எதை அனுப்புவது?

லைவ் எர்த் இந்தக் கேள்விக்கு 'விழிப்புணர்வு' என்று விடையளித்தது. கெவின் வால் என்ற தயாரிப்பாளர் தொடங்கி, அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் முன்னின்று நடத்திய அந்த முயற்சியின் விரிவை இன்றும் வியக்கலாம். சிட்னியில் தொடங்கி, டோக்கியோ, ஷாங்காய், ஹாம்பர்க், லண்டன், ஜோகன்னஸ்பர்க், ரியோ டி ஜெனீரோ, நியூ ஜெர்சி என்று சூரியனைத் தொடர்ந்து மேடைகள் எழுந்தன. ரியோவின் கோபகபானா கடற்கரையில் கட்டணமின்றி நடந்த நிகழ்ச்சிக்கு நான்கு லட்சம் பேர் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. அன்டார்டிகாவில் பிரிட்டனின் ரோதெரா ஆய்வு நிலையத்தில் குளிர்காலப் பணியில் இருந்த ஐந்து பேர் 'நுனாடக்' என்ற பெயரில் இசைத்தார்கள். எதிரே இருந்தவர்கள் அவர்களோடு பணியாற்றிய ஒரு கைப்பிடியளவு பேர்தாம். என் பார்வையில் அந்த நாளின் மிக நேர்மையான நிகழ்ச்சி அதுவே. இசைக்கென்று யாரும் பறந்து வரவில்லை. வாசித்தவர்கள் எங்கே வேலை பார்த்தார்களோ அங்கேயே வாசித்தார்கள்.

மற்ற மேடைகளில் நிலைமை வேறு. நட்சத்திரங்கள் விமானத்தில் வந்து இறங்கி, மின்விளக்கை அணைக்கும்படி கூறிவிட்டுப் போனதைப் பத்திரிகைகள் விடாமல் சுட்டிக்காட்டின. மியூஸ் குழுவின் மேத்யூ பெல்லமி, இது காலநிலைக்கான தனிவிமானங்கள் என்று எள்ளினார். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லைவ் எய்ட் நிகழ்ச்சியை 1985-இல் நடத்திய பாப் கெல்டாஃப், புவி வெப்பமாவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இந்த நிகழ்ச்சிக்கு முடிவான இலக்கு எது என்று முன்னதாகவே கேட்டிருந்தார். கெல்டாஃபின் கேள்வியில் போட்டியாளரின் குரல் கலந்திருந்தது என்று வைத்துக்கொண்டாலும், கேள்வி தவறானதன்று. 2007-இன் தொடக்கத்திலேயே அல் கோரின் காலநிலை ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றிருந்தது, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு தன் நான்காவது மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பகுதியை வெளியிட்டிருந்தது. வெம்ப்ளிக்கு நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவருக்கு அறியாமை பெரிய தடையாக இருந்திருக்காது.

உண்மையில் லைவ் எர்த்திடம் ஓர் உறுதியான கோரிக்கை இருக்கத்தான் செய்தது. ஏழு அம்ச உறுதிமொழி ஒன்றை மக்கள் ஏற்க வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். வளர்ந்த நாடுகளின் மாசு வெளியேற்றத்தை 90 விழுக்காடு குறைக்கும் சர்வதேச ஒப்பந்தம் ஒன்றில் தங்கள் நாடு இரண்டு ஆண்டுகளுக்குள் சேர வேண்டும் என்று வற்புறுத்துவது அதன் முதல் அம்சம். கரியமில வாயுவைப் பிடித்துச் சேமிக்கும் வசதியில்லாத புதிய அனல்மின் நிலையங்களை எதிர்ப்பது மற்றொன்று. இவை கூர்மையான அரசியல் கோரிக்கைகள். எவரும் கூச்சமின்றி மேடையில் முழங்கியிருக்க வேண்டியவை. ஆனால் ஒளிபரப்பில் மேலோங்கி ஒலித்தவை மின்விளக்கை மாற்றுவது, மின்கருவியின் செருகியைக் கழற்றி வைப்பது போன்ற வீட்டுக் குறிப்புகளே. மரம் நடுவதையும் நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தையும் ஒரே பட்டியலில் வைத்தால் மக்கள் எளிதானதைத் தேர்ந்துகொள்வார்கள் என்பதை அமைப்பாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம். 2009 டிசம்பரில் கோபன்ஹேகன் காலநிலை மாநாடு சட்டப்படி கட்டுப்படுத்தாத ஓர் உடன்பாட்டோடு கலைந்தபோது, அந்த முதல் அம்சத்தை நினைவூட்ட ஓர் அரங்கும் நிரம்பவில்லை.

அடுத்து நடந்தது அதைவிட மோசம். 2008 டிசம்பரில் மும்பையில் நடத்தத் திட்டமிட்டிருந்த லைவ் எர்த் நிகழ்ச்சி, நவம்பரில் அந்நகரில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலை அடுத்துக் கைவிடப்பட்டது. அதில் அமைப்பின் பிழை ஏதும் இல்லை. ஆனால் 2010 ஏப்ரலில் குடிநீருக்காக உலக நகரங்களில் அது நடத்திய ஓட்டத்துக்கு டவ் கெமிக்கல் நிறுவனத்தின் பெயரைச் சூட்டியது அமைப்பு தானே செய்த தேர்வு. போபால் நச்சுவாயு விபத்து நிகழ்ந்த ஆலையை நடத்திய யூனியன் கார்பைடை 2001-இல் வாங்கியது டவ். போபாலில் மாசுபட்ட நிலத்தடி நீரைப் பற்றி அந்நிறுவனத்திடம் கேள்வி எழுப்பி வந்தவர்கள், தண்ணீருக்கான ஓட்டத்தின் முகப்பில் அதன் பெயரைக் கண்டு போராட்டத்தில் இறங்கியதில் வியப்பில்லை.

இதற்கு நேர்மாறான அளவில் நடந்தவை 'பாத்வே டு பாரிஸ்' நிகழ்ச்சிகள். இசைக் கலைஞர்களான ஜெஸ்ஸி பாரிஸ் ஸ்மித்தும் ரெபெக்கா ஃபூனும் தொடங்கிய இம்முயற்சி, 2015 டிசம்பர் 4, 5 நாள்களில், பாரிஸ் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே அந்நகரின் லெ ட்ரியனோன் அரங்கில் மேடை அமைத்தது. பாட்டி ஸ்மித், தாம் யார்க், ஃப்ளீ ஆகியோர் இசைக்க, சூழலியல் எழுத்தாளர் பில் மெக்கிபன் போன்றோர் பேசினார்கள். சில வாரங்களுக்கு முன் நடந்த தாக்குதல்களால் நகரில் பேரணிகளுக்குத் தடை இருந்த நேரத்தில், மூடிய அரங்கொன்றில் மக்கள் கூட முடிந்ததற்கே ஒரு பொருள் இருந்தது. 2017 நவம்பர் 5 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில், ஜெர்மனியின் பான் நகரில் காலநிலை மாநாடு தொடங்குவதற்கு முந்தைய நாள், அவர்கள் நடத்திய நிகழ்ச்சியில் நகரங்கள் முழுமையாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற வேண்டும் என்ற இயக்கத்தை அறிவித்தார்கள். நான்கு லட்சம் பேர் இல்லை, ஒளிவெள்ளமும் இல்லை. ஆனால் அரங்கை விட்டு வெளியேறியவர் தன் மாநகராட்சியிடம் கேட்க ஒரு கேள்வியோடு வெளியேறியிருப்பார். பேச்சுகள் நீண்டதால் இசை இடையிடையே தொய்ந்தது என்ற குறை எனக்கு உண்டு.

நிதி திரட்டுவதில் மட்டும் கருத்தாக இருந்தது, ஆஸ்திரேலியக் காட்டுத்தீக்குப் பிறகு 2020 பிப்ரவரி 16 அன்று சிட்னியில் நடந்த 'ஃபயர் ஃபைட் ஆஸ்திரேலியா'. குயீன் குழு ஆடம் லாம்பர்ட்டோடு சேர்ந்து, தன் 1985 லைவ் எய்ட் பாடல் வரிசையை மீண்டும் இசைத்தது அதன் உச்சம். திரண்ட நிதி மீட்புப் பணிக்கும் விலங்குகளுக்கும் தீயணைப்புத் தொண்டர்களுக்கும் பிரிக்கப்பட்டது. தீ ஏன் அவ்வளவு பரவியது என்ற பேச்சைவிடத் தீயோடு போராடியவர்களுக்கு நன்றி கூறுவதே மேடையில் முன்னின்றது. துயரத்தில் இருப்போர் முன் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வரிசையில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது 2024 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில், தங்கள் சொந்த ஊரில், மேசிவ் அட்டாக் குழுவினர் நடத்திய 'ஆக்ட் 1.5' நிகழ்ச்சி. முறைப்படி பார்த்தால் அது நன்கொடை திரட்டும் நிகழ்ச்சி அன்று. ஆனால் காலநிலையை முன்னிறுத்திய எந்த நிதி நிகழ்ச்சியையும்விடப் பொருத்தமாக அது காலநிலையைப் பற்றியது. அக்குழு 2019-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டிண்டால் காலநிலை ஆய்வு மையத்திடம் இசைத்துறையின் கரியமில வாயு உமிழ்வைக் குறைக்கும் வழிகளைக் கேட்டு, 2021-இல் அறிக்கை வெளிவந்தபின், அதைச் செயலில் காட்டியது. டீசல் ஜெனரேட்டர்களுக்குப் பதில் மின்கலங்கள், முழுக்கத் தாவர உணவு, மின்சார வாகனங்கள் என்பவை பலரும் எதிர்பார்க்கக்கூடியவை. துணிச்சல் வேறிடத்தில் இருந்தது. அங்கே வாகன நிறுத்துமிடமே இல்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு நுழைவுச்சீட்டு முன்னதாக விற்கப்பட்டது. தொலைவிலிருந்து வருவோருக்காகக் கூடுதல் ரயில்களும் நிலையத்திலிருந்து பேருந்துகளும் ஏற்பாடாயின.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பெரிய இசை நிகழ்ச்சிகளின் உமிழ்வில் மேடை விளக்குகளின் பங்கு சிறியது. பார்க்க வருவோரின் பயணமே பெரும் பங்கு. பெரும்பாலான அமைப்பாளர்கள் தொடத் தயங்கும் இடமும் இதுதான், ஏனெனில் சீட்டு வாங்கியவரை வண்டியில் வராதே என்று சொல்வது வணிகத்துக்கு ஆகாது. அதனால்தான் நெகிழிக் குவளைகளை ஒழித்ததைப் பெரிய எழுத்தில் அறிவித்துவிட்டு, பல ஏக்கர் வாகன நிறுத்துமிடத்தைப் பற்றிப் பேசாமல் விடுகிறார்கள். பிரிஸ்டலுக்குப் போனவர் உரை எதையும் கேட்காமலேயே, தான் வந்த வழியைக் கொண்டு, நிகழ்ச்சியின் கோரிக்கையை நிறைவேற்றிவிட்டார்.

மரம் நட்டு ஈடுகட்டிவிட்டோம் என்ற அறிவிப்புகளை மட்டும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கோல்ட்பிளே குழுவினர் 2002-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் உமிழ்வை ஈடுகட்டவென்று கர்நாடகத்தில் 10,000 மாங்கன்றுகள் நடும் திட்டம் அறிவிக்கப்பட்டது; வறட்சியில் தண்ணீரின்றிப் பல கன்றுகள் கருகிப் போனதைப் பத்திரிகைகள் 2006-இல் வெளிக்கொணர்ந்தன. கன்று கொடுத்தவர்கள், தண்ணீர் ஊற்றுவது யார் செலவில் என்பதை உறுதிசெய்யவில்லை. அக்குழு பின்னர் பாடம் கற்றதாகவே தெரிகிறது: 2019-இல் சுற்றுப்பயணத்தை நிறுத்திவைத்து, 2022-இல் மீண்டும் தொடங்கி, தன் நேரடி உமிழ்வு முந்தைய சுற்றுப்பயணத்தோடு ஒப்பிடுகையில் ஒரு நிகழ்ச்சிக்கு 59 விழுக்காடு குறைந்துள்ளதாக 2024-இல் அறிவித்தது. கணக்கை வெளியில் வைத்ததற்காக அவர்களைப் பாராட்டலாம். ஆனால் அந்த 59-இல் அடங்குவது மேடை, சரக்கு, குழுவினரின் பயணம் ஆகியவையே. ரசிகர்கள் வந்துபோன வழி அதில் சேராது. அடுத்த அறிக்கை வரும்போது நான் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.