தர்மபுரியில் பேசும் போனுக்கு ஆள் தேடிய கதை

பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தப்பா தக்காளி விவசாயி. குளுக்கோமாவில் பார்வை முழுதாகப் போய்விட்டது. அந்த நோயில் போன பார்வை திரும்பாது என்பதால் வைத்தியம் பற்றிய பேச்சு வீட்டில் ஓய்ந்துவிட்டது. பட்டன் போனில் ஐந்தாம் எண்ணின் மேல் இருக்கும் சின்னப் புள்ளியைத் தடவித் தடவியே நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். அதில் குறையொன்றும் இல்லை. மார்க்கெட் விலை முழுக்க வாட்ஸ்அப்புக்குப் போன பிறகுதான், தினமும் காலையில் பேரனைக் கெஞ்ச வேண்டி வந்தது. சிங்கப்பூரிலிருந்து இந்த முறை போனபோது, அவருக்கு ஸ்மார்ட்போன் பழக்கிவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டேன்.

தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் கூடவே வருகிறது. தமிழ்க் குரலையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஐபோனில் வாய்ஸ்ஓவர் 2009-லிருந்தே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஐபோன் வாங்கிப்போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பக்கத்து வீட்டுக்காரர் கையில் என்ன போன் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு சந்தேகம் கேட்க ஆள் வேண்டும்.

சரி, கற்றுக்கொடுக்க யார்? தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மொபைல் கடைகளில் விசாரித்தேன். அங்கே இருக்கும் பையன்களுக்கு டாக்பேக் நன்றாகவே தெரியும், ஆனால் ஒரு வியாதியாக. பல போன்களில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் அது ஆன் ஆகிவிடும். தெரியாமல் அழுத்தியவர்கள், "போன் தானா பேசுது, தொட்டா எதுவும் ஓப்பன் ஆக மாட்டேங்குது" என்று பதறிக்கொண்டு வருவார்கள். அணைத்துக் கொடுத்தால் ஐம்பது ரூபாய். ஒரு கடையில் நான் டாக்பேக் என்று ஆரம்பித்ததுமே பையன் கையை நீட்டிவிட்டான். "குடுங்கண்ணா, ரெண்டு நிமிஷம், ஆஃப் பண்ணிடலாம்." ஆன் பண்ணிப் பழக்க வேண்டும் என்றதும் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். அதற்கு அவர்களிடம் ரேட் இல்லை.

ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். கவுன்டரில் இருந்த பெண் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹார்டுவேர் ஃபால்ட் எதுவும் இல்லையே சார்" என்றார். உண்மைதான்.

வழி திறந்தது கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில். பார்வைத்திறன் குறைந்தவர்களுக்குச் செயலியோடு கூடிய திறன்பேசி தரும் அரசுத் திட்டம் பற்றிக் கேட்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போயிருந்தோம். இதுபோன்ற உதவிகளுக்கு 40 சதவீதமாவது குறைபாடு என்ற மருத்துவச் சான்றும், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி என்கிற தேசிய அடையாள அட்டையும் முதலில் கைக்கு வர வேண்டும். சித்தப்பாவிடம் இரண்டும் இல்லை. அந்த வேலையைத் தொடங்கிவைத்தோம். அதைவிடப் பெரிய லாபம் பக்கத்து நாற்காலியில் இருந்தது. காரிமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், வேறு வேலையாக வந்திருந்தார். அவருடைய போன் திரையை வாசித்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "ஞாயித்துக்கிழமை வரட்டுங்களா?" என்றார்.

வந்தார், பஸ் ஏறித் தனியாகவே. அவர் முதலில் பாடம் எடுத்தது எனக்குத்தான். "சார், நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஐயா கையில இருந்து போனை வாங்காதீங்க. அவர் தப்பா தொட்டாலும் வாய் திறக்காதீங்க."

அன்று அழைப்பு, செய்தி எதையும் அவர் தொடவேயில்லை. விரலைத் திரையில் மெதுவாக ஓட்டினால் விரலடியில் இருப்பதை போன் சொல்லும். வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. வேண்டியதை போன் சொன்னதும் திரையில் எங்கே வேண்டுமானாலும் இரண்டு முறை தட்டித் திறக்கலாம். சித்தப்பாவுக்குக் கஷ்டம் தந்தது அந்த 'எங்கே வேண்டுமானாலும்'தான். சத்தம் வந்த இடத்திலேயே குறிபார்த்துத் தட்டினார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல், தட்டினால் அழுத்தலாகிவிடும். ஆசிரியர் அவர் புறங்கையில் தன் விரலால் தட்டிக் காட்டினார், இவ்வளவு லேசாக என்று. பார்வையுள்ள நான் எத்தனை விளக்கியிருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

மற்ற பாடமெல்லாம் அடுத்தடுத்து ஆசிரியரோடு போனில் பேசியே நடந்தது. திரையை இருட்டாக்கி வைத்துக்கொள்ளும் வசதியை அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது. பெயர்களையெல்லாம் தமிழ் எழுத்தில் மாற்றிப் பதியச் சொன்னார். அதைவிடப் பெரிய தலைவலி எங்கள் குடும்பக் குரூப். எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள். 'சாப்பிட்டீங்களா' என்று ஒருவர் கேட்டதை போன் என்னவோ ஒரு பாஷையில் வாசிக்க, சித்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். இனித் தமிழ் எழுத்து, இல்லாவிட்டால் குரல் செய்தி என்று குரூப்பில் அறிவித்துவிட்டேன். துபாயில் இருக்கும் தம்பி மட்டும் இன்னும் திருந்தவில்லை.

டேப்லெட் வாங்கித் தந்தால் பெரிதாக இருக்குமே என்று வீட்டில் ஒரு யோசனை ஓடியது. கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அது நல்லது. சித்தப்பாவுக்குப் பெரிய திரை என்றால் தேட வேண்டிய இடமும் பெரிது, அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு நல்ல இயர்போன் வாங்கலாம். ரூபாய் நோட்டை அடையாளம் சொல்ல ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட மணி (MANI) என்ற செயலியையும் போட்டுக் கொடுத்தோம். இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும்.

பணம் அனுப்பும் செயலியில்தான் முட்டிக்கொண்டது. அதற்காக ஒரு வங்கியின் செயலியில் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு, செய்யப் போனால், கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டு என்கிறது. வட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவரவே அவருக்கு வழியில்லை. கண் சிமிட்டுவதை மட்டுமே நம்பியிருக்காமல் வேறு வழிகளையும் தர வேண்டும், கைரேகையை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று இருபது உத்தரவுகள் போட்டிருக்கிறது. டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் அதில் இருக்கிறது. தீர்ப்பின் அந்தப் பக்கங்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனோம். மேலாளர் நிதானமாகப் படித்தார், பிறகு காகிதத்திலேயே வேலையை முடித்துத் தந்தார். ஊரில் இதே சிக்கல் உள்ளவர்கள் அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பேரன் பள்ளிக்கூடம் போன பிறகும் சித்தப்பாவே எனக்கு போன் போடுகிறார். தீராமல் நிற்பது மார்க்கெட் விலைதான். வியாபாரி அதைக் கரும்பலகையில் எழுதி போட்டோவாகப் போடுகிறார். போன் 'படம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. படத்தை வாசிக்கும் செயலிகள் அந்தச் சாக்பீஸ் கிறுக்கலில் பாதியைத் தவறாகச் சொல்கின்றன. இருபதையும் இருபத்தாறையும் மாற்றிச் சொன்னால் ஒரு தக்காளிப் பெட்டிக்கு எவ்வளவு போகும் என்று சித்தப்பா கணக்குப் போட்டுக் காட்டினார். விலையைக் குரலில் போடச் சொல்லி வியாபாரியிடம் கேட்டிருக்கிறோம். பார்க்கலாம் என்றிருக்கிறார்.