விசைப்பலகை முரண்டு பிடித்தால்: நானோவா, விம்மா, ஈமேக்ஸா?

திருகோணமலையில் லினக்ஸ் பழகுகிறவர்களை விசைப்பலகை இரண்டு விதமாகச் சோதிக்கிறது. ஒன்று உப்புக்காற்று: உப்புவெளிப் பக்கம் ஜன்னலோரம் கிடக்கும் மடிக்கணினியில் ஏதாவதொரு விசை இறுகியிருக்கும். மற்றது தமிழ். நானோ, விம், ஈமேக்ஸ் மூன்றும் முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், கோப்புகளைத் திருத்தும் நிரல்கள். எந்தச் சோதனைக்கு எது கைகொடுக்கும்?

விம்மில் எழுதும் நிலையை விட்டுக் கட்டளை நிலைக்குத் திரும்ப எஸ்கேப் வேண்டும். இறுகியது அதுவே என்றாலும் விம் பயனர் கலங்க வேண்டாம். கண்ட்ரோலுடன் இடது சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் போதும். முனையத்துக்கு இரண்டும் ஒரே 27ஆம் குறியீடுதான். விம்மின் மூதாதையான விஐ உருவான ஏடிஎம்-3ஏ என்ற பழைய முனையக் கருவியில், இன்று டேப் இருக்கும் இடத்தில்தான் எஸ்கேப் இருந்தது. மூலைக்கு விரலை அனுப்பும் தண்டனை பின்னால் வந்தது. நானோவில் சேமிக்கவும் வெளியேறவும் எஸ்கேப் தேவையே இல்லை.

பேக்ஸ்பேஸுக்குச் சில முனையங்கள் 127ஐ அனுப்பும், சில 8ஐ. எட்டு என்பது கண்ட்ரோல்-எச். ஈமேக்ஸில் அது உதவி கேட்கும் விசை. எழுத்தை அழிக்கப் போனவருக்கு உதவிப் பக்கம் திறக்கும்! நானோ இரண்டையும் பேக்ஸ்பேஸாகவே ஏற்கும். டெபியன், உபுண்டுவில் தொடக்கத்தில் கிடைக்கும் விம்மின் சிறு வடிவமான விம்-டைனியில் அம்பு விசைகள் ஏ, பி, சி, டி என்று எழுதித் தள்ளினால், முழு விம்மை நிறுவிவிடுவதே நிம்மதி. கண்ட்ரோல்-எஸ் அழுத்தித் திரை உறைந்தால் கண்ட்ரோல்-கியூ மீட்கும்.

தமிழில்தான் உண்மையான வேறுபாடு தெரிகிறது. லினக்ஸின் உள்ளீட்டு மென்பொருளான ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பை இயக்கிக்கொண்டு விம்மின் கட்டளை நிலையில் கீழ் வரிக்கு இறங்க ஜே தட்டினால் 'ப' போகும். வரியை நீக்க டி இரண்டு முறை தட்டினால் 'உஉ'. விம் அசையாது. இதற்கென்றே விம்மில் கீமேப் என்ற, விசைகளை வேறு எழுத்துகளாக மாற்றும் வசதி உண்டு. அது எழுதும் நிலையில் மட்டும் இயங்கும், கட்டளைகளைத் தொடாது. அருமையான ஏற்பாடு, ஆனால் பல பதிப்புகளில் கூடவே வரும் தமிழ்க் கோப்பு பழைய டிஸ்கி குறியேற்றத்துக்கானது. அப்படியென்றால் யூனிகோடுக்கு நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஈமேக்ஸ் தமிழ் உள்ளீட்டைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கண்ட்ரோலுடன் பின்சாய்கோடு அழுத்தினால் மாறும், கட்டளைகள் குழம்பாது. நீண்ட தமிழ்க் கட்டுரைக்கு என் தேர்வு இதுதான். இலங்கையில் புழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பில் பழகிய கைகளுக்கு மட்டும், ஆங்கில எழுத்துகளில் தட்டும் அதன் ஐட்ரான்ஸ் முறை எரிச்சலூட்டும். அவர்கள் ஐபஸையும் நானோவையும் சேர்த்துக்கொள்ளலாம். நானோவின் கட்டளைகள் பெரும்பாலும் கண்ட்ரோலோடு வருவதால் தமிழோடு மோதுவதில்லை.

இவை வரைகலைத் திரைக்குள் திறக்கும் முனையத்துக்கே பொருந்தும். வெறும் கறுப்புத் திரைக் கன்சோலில் 512 எழுத்து வடிவங்களுக்கு மேல் இடமில்லை, உயிர்மெய்யைக் கோக்கவும் அதற்குத் தெரியாது. அங்கே அமைவுக் கோப்பை ஆங்கிலத்தில் திருத்திவிட்டு வெளியேற நானோ போதும்.