கொழிஞ்சாம்பாறை கேமிங் சென்டரும் குவார்ட்டர்பேக் பஞ்சாயத்தும்

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ரீசார்ஜ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற பிளேஸ்டேஷன் சென்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, போர்டிலேயே பாதி எழுத்து உரிந்துதான் கிடக்கிறது, கீழே சாயாக் கடையில் கேட்டால் மாடிப்படியைக் காட்டுவார்கள். மணிக்கு 80 ரூபாய், இரண்டு பேர் ஆடினால் 120, கூட வந்து சும்மா உட்கார்ந்து வாயடிக்கிறவருக்குக் காசு இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எங்களை மாதிரி ஆட்களுக்கு முக்கியம், ஏனென்றால் நாங்கள் ஆடுவதைவிட வாயடிப்பதுதான் அதிகம்.

மூன்று டிவி. இரண்டில் எப்போதும் ஃபுட்பால், அதாவது நம்ம ஃபுட்பால். பாலக்காடு ஜில்லாவில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும், அர்ஜென்டினா ஜெர்சி ஒரு பக்கம், பிரேசில் ஜெர்சி ஒரு பக்கம், நடுவில் மிக்ஸர் பாக்கெட். மூன்றாவது டிவி, ஜன்னலோரம் இருப்பது, அதில் மேடன் 26 இருக்கிறது. யாரோ கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் வராமல் போய்விட்டார்களாம், ஆகவே அது கிட்டத்தட்ட எங்கள் சொத்து. அமெரிக்கன் ஃபுட்பால் கேம் நேரக்கணக்கில் ஆடக் கிடைக்கிற இடம் இந்த வட்டாரத்தில் நான் வேறு பார்த்ததில்லை, கோயம்புத்தூரில்கூட நான் கேட்ட இடங்களில் உதட்டைப் பிதுக்கினார்கள்.

எங்கள் கூட்டம் மூன்று பேர். அத்தை பையன் கோயம்புத்தூரில் அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லிங் வேலையில் இருக்கிறான், ஒஹாயோ கிளையண்ட் ஒருவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் க்ளீவ்லாந்து பிரவுன்ஸ் டீம் தோற்ற கதையைச் சொல்லிவிட்டுத்தான் வேலைப் பேச்சையே ஆரம்பிப்பாராம், அதில் இவனுக்கு ஒட்டிக்கொண்டது, இவனிடமிருந்து எங்களுக்கு. இன்னொருவர் வேலந்தாவளம் பக்கம் கணக்கு வாத்தியார், எங்களைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். கன்ட்ரோலரைத் தொடவே மாட்டார். பின்னால் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டீம் நடத்துவது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார்.

மேடனில் ஃபிரான்சைஸ் என்று ஒரு மோடு உண்டு, ஒரு டீமை எடுத்து வருஷக்கணக்கில் நடத்தலாம். மேட்ச் ஆடுவதைவிட அதில் ருசியான இடம் டிராஃப்ட். ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. 32 டீம், ஏழு ரவுண்டு, போன வருஷம் ஆகக் கேவலமாக ஆடிய டீமுக்கு முதல் வாய்ப்பு, கோப்பை அடித்தவன் கடைசி. கல்லூரியிலிருந்து வருகிற பையன்களை வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். கேமில் நாங்கள் நடத்துவது பிரவுன்ஸைத்தான், அவர்களுக்கு இதில் ஒரு யோகம். 2025 டிராஃப்டில் இரண்டாவது இடத்தை ஜாக்சன்வில் டீமுக்குக் கொடுத்து (அவர்கள் டிராவிஸ் ஹன்டரை எடுத்தார்கள்), ஐந்தாவது இடத்துக்கு இறங்கி, மேசன் கிரஹாம் என்ற டிஃபென்ஸ் ஆளை (எதிராளி முன்னேறாமல் மடக்குகிறவர்) எடுத்ததோடு ஜாக்சன்வில்லின் 2026 முதல் ரவுண்டு வாய்ப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்துகிற ஆளை, மூன்றாவது ரவுண்டில் ஒருத்தர், டில்லன் கேப்ரியல், ஐந்தாவது ரவுண்டில் 144ஆவதாக ஒருத்தர், ஷெடூர் சாண்டர்ஸ் என்று அடியில்தான் தேடினார்கள். ஆக கேமில் எங்கள் முதல் டிராஃப்டிலேயே கையில் இரண்டு முதல் ரவுண்டு.

குவார்ட்டர்பேக்கை மேலேயே எடுப்பதா வேண்டாமா? இந்தக் கேள்விக்காக ஜன்னலோர டிவி முன்னால் நாங்கள் கொட்டிய காசுக்குக் கீழே எத்தனையோ பழம்பொரி சாப்பிட்டிருக்கலாம். ஸ்கிரீன் அசையாமல் நிற்க, மீட்டர் மட்டும் ஓட, சென்டர் நடத்துகிற சேட்டன் எட்டிப் பார்த்து “எந்தா, ஹேங் ஆயோ?” என்று கேட்பார். ஹேங் ஆகவில்லை சேட்டா, தகராறு. அவரே பாவம் பார்த்து, பேசுவதென்றால் வெளி வராந்தாவில் பேசிவிட்டு வாருங்கள், மீட்டரை நிறுத்தி வைக்கிறேன் என்று சொன்னார். இந்த ஒரு குணத்துக்காகவே நான் அரை ஸ்டார் கூடுதலாகத் தருவேன்.

அண்ணாவின் கட்சி: முதலில் லைன். முன்னால் நின்று தடுக்கிற ஐந்து பேர் சரியில்லை என்றால் யார் பந்தை வீசினாலும் மண்ணைத்தான் கவ்வ வேண்டும், ஆகவே முதல் ரவுண்டில் லெஃப்ட் டேக்கிள், அதாவது அந்த ஐந்து பேரில் இடது ஓரத்தில் நிற்கிறவனை எடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மற்ற டீம் வைத்துச் சொல்லலாம், பிரவுன்ஸ் வைத்துச் சொல்லக் கூடாது. 2007இல் மூன்றாவது இடத்தில் ஜோ தாமஸை எடுத்தார்கள். லெஃப்ட் டேக்கிள் என்றால் அப்படி ஒரு ஆள், 10,363 ஸ்நாப் (பந்து ஆட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்நாப்) இடைவிடாமல் களத்தில் நின்றவர், 2023இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். பதினோரு சீசன் ஆடி ஒரு பிளேஆஃப் மேட்ச்கூட அவர் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்று வீசுவதற்கு நிலையாக ஒருத்தன் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் கதை.

அத்தை பையன் நடுவழி ஆள். முதலில் லைன், மிச்சம் இருக்கிற முதல் ரவுண்டில் குவார்ட்டர்பேக் என்பான். இதுதான் எனக்கு ஆகவே ஆகாத வழி, பிரவுன்ஸ் கெட்டதே இதில்தான் என்பது என் கட்சி. அதே 2007இல் ஜோ தாமஸுக்கு அப்புறம் 22ஆவது இடத்தில் பிராடி குவின். 2012இல் 22ஆவது இடத்தில் பிராண்டன் வீடன், 28 வயசில். 2014இல் மறுபடியும் 22ஆவது இடத்தில் ஜானி மன்சீல். மூன்றும் அதே 22, மூன்றும் ஊற்றிக்கொண்டது. நல்லவனை முன்னால் இருந்தவன் கொண்டுபோன பிறகு, மிச்சத்தில் இவன் பரவாயில்லை என்று எடுக்கிற இடம் அது. ஒன்று, மேலே நின்று பிடித்தவனை எடு, தேவையானால் விலை கொடுத்தாவது மேலே போ. 2017இல் கேன்சஸ் சிட்டி 27ஆவது இடத்திலிருந்து பத்தாவது இடத்துக்கு ஏறித்தான் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை எடுத்தது. இல்லையா, அந்த வருஷம் அந்தப் பக்கமே போகாதே.

உடனே அண்ணா பின்னாலிருந்து, தாமதமாகப் போயும் ஜெயித்த குவார்ட்டர்பேக்குகளை அடுக்கி, “ராட்ஜர்ஸ் 24, ஜோர்டன் லவ் 26, லமார் ஜாக்சன் 32, இதுக்கு என்ன சொல்ற?” என்பார். சொல்கிறேன் அண்ணா. ராட்ஜர்ஸை எடுத்தபோது அதே டீமில் மூத்த குவார்ட்டர்பேக் ஃபார்வ் இருந்தார், லவ்வுக்கு முன்னால் அதே ராட்ஜர்ஸ், லமாருக்கு முன்னால் ஃபிளாக்கோ. வீட்டில் சோறு இருக்கிறவன் காத்திருப்பான். பிரவுன்ஸுக்கு அந்த வசதி எப்போது இருந்தது? அப்படியானால் 199ஆவது இடத்தில் வந்த பிரேடியும் 262ஆவதாக வந்த பர்டியும் என்ன என்று அத்தை பையன் சேர்ந்துகொள்வான், அதற்கு நான் பதில் சொல்வதில்லை, லாட்டரியைக் காட்டி யாரும் வீடு கட்டத் திட்டம் போடுவதில்லை.

காசுக் கணக்கும் என் பக்கம்தான், வாத்தியாரே போட்டுக் காட்டினார். 2025இல் முதல் ஆளாகப் போன குவார்ட்டர்பேக் கேம் வார்டுக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்து சுமார் 4.9 கோடி டாலர். அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டின் ஒப்பந்தம் வருஷத்துக்குச் சராசரி 6 கோடி. புதுப் பையன் சம்பளம் குறைவாக இருக்கிற அந்த நாலு வருஷத்தில் மிச்சமாகிற பணத்தில்தான் அண்ணா கேட்கிற லைனையே வாங்க முடியும். இப்படி வளர்க்காமல் வெளியிலிருந்து தயாராக வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் பிரவுன்ஸே சாட்சி: 2022இல் டெஷான் வாட்சனுக்கு மூன்று முதல் ரவுண்டைக் கொடுத்து, ஐந்து வருஷத்துக்கு 23 கோடி டாலர் முழு உத்தரவாதமும் கொடுத்தார்கள். 2024இல் அவர் பாதியில் காயம்பட்டு உட்கார, சீசன் 3 ஜெயம், 14 தோல்வி என்று முடிந்தது.

சரி, கேமுக்கு வருகிறேன். ஐந்தாவது இடம் வந்தது, குவார்ட்டர்பேக்கை எடுத்தோம், இரண்டாவது முதல் ரவுண்டில் அண்ணா மனசு ஆற ஒரு டேக்கிள். இங்கேதான் சென்டரின் பெரிய குறை. ஜன்னலோர டிவிக்குக் கொடுக்கிற வெள்ளைக் கன்ட்ரோலரில் இடது ஸ்டிக் தேய்ந்துபோய்விட்டது. விரலை எடுத்தாலும் அது மேல் இடது மூலைக்குத் தானாக நகரும். பந்தைக் கையில் வாங்கிய குவார்ட்டர்பேக், டேக்கிள் அருமையாக விரித்துக் கொடுத்த இடத்தை விட்டுவிட்டு, சந்தைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து எதிராளி கையில் போய் விழுவார். ஸ்டிக்கின் அடியில் வெள்ளைத் தூள் உதிர்ந்து கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கறுப்புக் கன்ட்ரோலர் நன்றாக இருக்கிறது, ஆனால் அதை அர்ஜென்டினாக்காரர்கள் விட மாட்டார்கள்.

இன்னொன்று மன்னிக்க முடியாதது. மேடனில் நீங்கள் எடுத்த பையன் சாதாரண ரகமா சூப்பர்ஸ்டார் ரகமா என்பது எடுத்த உடனே தெரியாது, களத்தில் ஆடவிட்ட பிறகுதான் காட்டும். எங்கள் பையன் அந்தக் கட்டத்தை நெருங்கியபோது சேவ் ஃபைலே காணோம். இடம் பத்தவில்லை என்று மற்ற கேமின் அப்டேட்டுக்காக அழித்துவிட்டார்களாம். சேட்டன் நிஜமாகவே சங்கடப்பட்டார், ஒரு மணி நேரம் இலவசம் கொடுத்தார், எங்களுக்கென்று தனி புரொஃபைல் போட்டு அதில் கைவைக்க வேண்டாம் என்று சீட்டு எழுதி மெஷினிலேயே ஒட்டியிருக்கிறார். ஆனாலும் அந்தப் பையன் என்ன ரகம் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, அண்ணா அதை வைத்தே இன்றுவரை ஓட்டுகிறார்.

மற்றபடி ஏசி பரவாயில்லை, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் ஓடும், மெஷின் ஓடாது, போன நேரத்தைக் கழித்துத் தருகிறார்கள். பாத்ரூம் கீழேதான். பைக்கை சாயாக் கடை முன்னால் நிறுத்தினால் திட்டு விழும், பக்கத்துச் சந்தில் நிறுத்துங்கள்.

ஐந்துக்கு மூன்றரை. மூன்று அடிப்படைக்கு, அரை மீட்டரை நிறுத்தி வைக்கிற மனசுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாலை போகவே போகாதீர்கள். வார நாளில் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஸ்கூல் விடுவதற்குள் போனால் கறுப்புக் கன்ட்ரோலர் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகத் தர மாட்டார்கள்.